சுற்றுது, ஆனா வரல: துருப்பிடித்த ஒரு போல்ட்டின் வரலாறு

அன்றாடம் கையில் எடுக்கிற பொருட்களுக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றைப் பேசுவது நம்ம வழக்கம். இன்றைக்கு எடுத்திருக்கும் பொருளைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு போல்ட். அதுவும் வெளியே வர மறுத்த போல்ட். அந்த ஒரு போல்ட்டோடு நான் இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். அதன் பிறகு ஒரு வாரம் புத்தகங்களோடு உட்கார்ந்தேன். இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

என் மாமா பையன் கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கு முன்னால், கடற்கரை மணலில் ஏடிவி வண்டி ஓட்டவிடும் ஒரு சின்னத் தொழில் செய்கிறான். நாலு சக்கரமும் குண்டு டயருமாக மணலில் ஓடுமே, அந்த வண்டி. அவனிடம் நாலு வண்டி. மே மாத விடுமுறை தொடங்கும் நேரத்தில் ஒரு வண்டியின் முன்சக்கரத்தில் ஆட்டம் வந்துவிட்டது. சக்கரத்தைப் பிடித்து அசைத்தால் கடகடவென்று ஆடியது. சஸ்பென்ஷன் கையில், அதாவது ஏ-ஆர்மில், புஷ் தேய்ந்துவிட்டது. புஷ்ஷை மாற்ற வேண்டும் என்றால் அதன் நடுவே போகிற நீளமான போல்ட்டைக் கழற்ற வேண்டும். அரை மணி நேர வேலை. அப்படித்தான் நானும் நினைத்தேன்.

நட் சுலபமாக வந்துவிட்டது. போல்ட்டின் தலையில் சாக்கெட்டைப் போட்டுத் திருப்பினால் அதுவும் சுற்றியது. ஆனால் ஒரு நூல்கூட வெளியே வரவில்லை. கைப்பிடியில் பைப் போட்டுத் திருகிப் பார்த்தேன். சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு சுத்தியலை எடுத்து நட் இருந்த பக்கத்திலிருந்து ஓங்கி அடித்தேன். போல்ட் வரவில்லை. அதன் முனைதான் நசுங்கிக் காளான் மாதிரி விரிந்தது. மறை கெட்டுவிட்டது. வேலையைப் பாதி கெடுத்தவன் நான்தான், ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாள் காலை பக்கத்து ஊர் மெக்கானிக் அண்ணன் வந்தார். அறுபது வயதிருக்கும். காளான் முனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. போல்ட்டின் தலையை மெதுவாகத் திருப்பச் சொல்லிவிட்டு, டார்ச் அடித்து ஏ-ஆர்மின் இடுக்கைக் கவனித்தார். "தம்பி, போல்ட் மட்டும் சுத்தல. உள்ள இருக்கிற ஸ்லீவும் சேந்து சுத்துது. ரெண்டும் ஒண்ணாயிடுச்சு" என்றார்.

இங்கே வண்டியின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த மாதிரி சஸ்பென்ஷனில் வெளியே நைலான் புஷ், அதற்குள் இரும்புக் குழாய் மாதிரி ஒரு ஸ்லீவ், அதற்குள் போல்ட். போல்ட்டை முறுக்கும்போது ஸ்லீவ் சட்டத்தின் இரண்டு காதுகளுக்கு நடுவே இறுகி நின்றுவிடும். ஏ-ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது ஸ்லீவுக்கு வெளியே புஷ்தான் அசைய வேண்டும். ஆக, போல்ட்டுக்கும் ஸ்லீவுக்கும் நடுவே எந்த அசைவும் இல்லை. அங்கே ஒரு முடியளவு இடைவெளிதான். அசைவில்லாத அந்த இடுக்கில் உப்புத் தண்ணீர் புகுந்தால் போக வழி தெரியாது. அங்கேயே உட்கார்ந்து வேலை பார்க்கும்.

மாமா பையனுக்குக் கோபம். "அண்ணே, வாராவாரம் கிரீஸ் அடிக்கிறோமே, அப்புறம் எப்படித் துருப்பிடிக்கும்?" என்று கேட்டான். அண்ணன் கிரீஸ் நிப்பிளைக் காட்டினார். "நீ அடிக்கிற கிரீஸ் புஷ்ஷுக்கும் ஸ்லீவுக்கும் நடுவுலதான் போகும். ஸ்லீவுக்குள்ள போகாது. போல்ட்ட மாட்டுறப்பவே கையால தடவிருக்கணும்."

அந்தப் பதில்தான் என்னைப் புத்தகங்கள் பக்கம் அனுப்பியது. இரண்டு உலோகங்களுக்கு நடுவே இருக்க வேண்டிய ஒரு மெல்லிய மூன்றாவது பொருள். அது இல்லாமல் போனதால் வந்த வினை. மனிதர்கள் இதை எத்தனை தடவை கற்று, எத்தனை தடவை மறந்திருக்கிறார்கள் என்று தேடினேன். இரண்டு கதைகள் கிடைத்தன.

ஏதென்ஸில் ஈயம்

முதல் கதை ஏதென்ஸ் நகரத்து பார்த்தினான் கோயில். கி.மு. 447-இல் கட்டத் தொடங்கியது. பளிங்குக் கற்களைச் சுண்ணாம்புக் காரை இல்லாமல் அடுக்கி, ஒரு கல்லையும் அடுத்த கல்லையும் இரும்புக் கவ்விகளால் பிணைத்தார்கள். கல்லில் குழி வெட்டி, கவ்வியை வைத்து, அதைச் சுற்றி உருக்கிய ஈயத்தை ஊற்றினார்கள். ஈயம் இரும்பைப் போர்த்திக்கொண்டது. தண்ணீரும் காற்றும் இரும்பைத் தொட முடியவில்லை. நிலநடுக்கத்தில் கல் கொஞ்சம் அசைந்தாலும் மெத்தென்ற ஈயம் அதைத் தாங்கிக்கொண்டது. அந்தக் கவ்விகளில் பல, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நல்ல நிலையில் இருந்தன.

1898-க்குப் பிறகு நிக்கோலாஸ் பலானோஸ் என்ற பொறியாளர் அக்ரோபோலிஸ் கோயில்களைச் செப்பனிடும் பொறுப்பை ஏற்றார். விழுந்த தூண்களை நிமிர்த்தினார், பெரிய வேலைகள் செய்தார். அவரும் இரும்புக் கவ்விகளைத்தான் வைத்தார். ஆனால் பழைய ஆட்கள் செய்த மாதிரி ஈயத்தால் போர்த்தவில்லை. சில பத்தாண்டுகளில் இரும்பு துருப்பிடித்தது. துரு என்பது இரும்பை அரித்துத் தின்பது மட்டுமில்லை. இரும்பு துருவாக மாறும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேலே பெருகும். கல்லுக்குள் அடைபட்ட இரும்பு வீங்கினால் என்ன ஆகும்? பளிங்கு வெடித்தது. கோயிலைக் காப்பாற்ற வைத்த இரும்பே கோயிலைப் பிளந்தது. 1975-இல் கிரேக்க அரசு இதற்கென்று ஒரு குழு அமைத்தது. அதன் பிறகு நடந்த வேலையில் அந்த இரும்புகளை எடுத்துவிட்டு டைட்டானியம் வைத்தார்கள்.

நம்ம போல்ட்டில் நடந்ததும் இதுவேதான். முடியளவு இடைவெளிக்குள் துரு பெருகி, போல்ட்டை நாலாபுறமும் அழுத்திப் பிடித்துக்கொண்டது. நான் அடித்த சுத்தியல் அடி, மறையில் இருந்த சிக்கலுக்கான அடி. சிக்கல் மறையிலேயே இல்லை. விரல் நீளத்துக்கு ஸ்லீவுக்குள் ஒளிந்திருந்தது.

கப்பலில் காகிதம்

இரண்டாவது கதை கடலில். 18-ஆம் நூற்றாண்டில் மரக்கப்பல்களுக்குப் பெரிய எதிரி கப்பல் புழு. வெப்பமண்டலக் கடலில் அது மரத்தைத் துளைத்துச் சல்லடையாக்கிவிடும். அதைத் தடுக்க, 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதி முழுக்கச் செப்புத் தகடு அடித்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. 1763-இல் கப்பலைத் திரும்பப் பரிசோதித்தார்கள். மரம் நன்றாக இருந்தது, புழு அண்டவில்லை. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்து உருத்தெரியாமல் போயிருந்தன.

எல்லா ஆணிகளும் அப்படிப் போகவில்லை. சில ஆணிகள் கெடாமல் இருந்தன. ஏன் என்று பார்த்தால், செப்புத் தகடுகளைச் சுற்றி வந்திருந்த பழுப்புக் காகிதம் சில இடங்களில் உரிக்கப்படாமல் அப்படியே இருந்திருக்கிறது. காகிதம் ஆணிக்கும் செம்புக்கும் நடுவே நின்ற இடத்தில் ஆணி பிழைத்தது. காகிதம் கிழிந்த இடத்தில் ஆணி செத்தது. உரிக்காமல் விட்ட காகிதம்! இரும்பும் செம்பும் கடல்நீரில் தொட்டுக்கொண்டால் இரும்புதான் பலியாகும் என்ற பாடத்தை அந்தக் காகிதம் சொல்லிக் கொடுத்தது. அப்போது ஏன் என்று யாருக்கும் தெரியாது. வோல்ட்டா தன் மின்கலத்தைச் செய்து காட்டியதே 1800-இல்தான்.

அந்த அறிவை வைத்து 1824-இல் ஹம்ப்ரி டேவி ஒரு யோசனை சொன்னார். செம்பு அரிக்கிறதா? அதோடு கொஞ்சம் துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்து வையுங்கள். கடல்நீர் முதலில் அதைத் தின்னும், செம்பு தப்பிக்கும். சோதித்தார்கள். செம்பு நிஜமாகவே தப்பித்தது. ஆனால் இன்னொரு வம்பு வந்தது. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதால்தான் சிப்பியும் பாசியும் அதில் ஒட்டாமல் இருந்தன. கரைவது நின்றதும் அவை அப்பிக்கொண்டன, கப்பலின் வேகம் குறைந்தது. சில ஆண்டுகளிலேயே கடற்படை அதைக் கைவிட்டது. ஆனால் கருத்து சாகவில்லை. இன்றைக்கு நீங்கள் கடையில் வாங்கும் புது போல்ட்டின் மேல் வெள்ளியாய் மின்னும் பூச்சு பெரும்பாலும் துத்தநாகம்தான். இரும்புக்கு முன்னால் தான் போவதற்காக அது அங்கே இருக்கிறது. ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்றால் எதை விட்டுக்கொடுப்பது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். இதை மனதில் வையுங்கள். நம்ம மெக்கானிக் அண்ணன் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்.

பட்டறைக்குத் திரும்புவோம்

அன்றைக்கு அவர் முதலில் செய்தது எண்ணெய் விட்டது. துரு இளக்குகிற எண்ணெயை இரண்டு பக்கமும் விட்டு, வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். எல்லார் கையிலும் இருக்கும் நீலமும் மஞ்சளுமான டபிள்யூடி-40 டப்பாவை நான் நீட்டினேன். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1953-இல் அமெரிக்காவின் சான் டியகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற சின்ன நிறுவனம் தண்ணீரை விரட்டும் ஒரு கலவையைத் தேடியது. நாற்பதாவது முயற்சியில் கிடைத்ததால் பெயரில் 40. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தோல் துருப்பிடிக்காமல் இருக்க அதைப் பூசினார்கள். ஆக, அதன் பிறவிக் குணம் ஈரத்தை விரட்டித் துரு வராமல் தடுப்பது. விரல் நீளத்துக்கு இறுகிப்போன துருவுக்குள் ஊடுருவுவது அதன் முதல் வேலை இல்லை. அண்ணன் டப்பாவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "இது வர்றதுக்கு முன்னாடி அடிக்கிறது தம்பி" என்றார்.

மாலையில் வந்து, நான் கெடுத்த முனையை அரத்தால் ராவிச் சரி செய்து, பழைய நட்டை முனைக்குச் சமமாக ஏற்றினார். இனி அடித்தால் அடி நட்டின் மேல் விழும், மறை கெடாது. நான் முதல் நாளே செய்திருக்க வேண்டியது. பித்தளை ராடு வைத்துத் தட்டினார். அசையவில்லை.

"கேஸ் வெச்சுச் சூடு காட்டலாமே அண்ணே" என்றேன். சூடு நல்ல வழிதான். ஸ்லீவ் விரிந்தால் பிடி தளரும். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. மேலே ஒரு முழத் தூரத்தில் பெட்ரோல் டேங்க். சுற்றிலும் நாங்கள் நாள் முழுக்க ஊற்றிய எண்ணெய். நைலான் புஷ் உருகிப் புகையும். "வண்டி போனா வேற வண்டி வாங்கலாம்" என்றார். மீதியை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாமா பையனுக்குப் பொறுமை போய்விட்டது. மறுநாள் சனிக்கிழமை, கூட்டம் வரும். "மச்சான், பேசாம நட்ட மாட்டி விட்ரலாம். இந்த ரெண்டு நாள் ஓட்டிட்டு திங்கட்கிழமை பாத்துக்கலாம். கொஞ்சம் ஆட்டம்தானே" என்று என்னிடம் கேட்டான். நான் பதில் சொல்லத் தயங்கினேன். அவனுக்கு அந்த ஒரு மாத வருமானம்தான் மழைக்காலத்தை ஓட்டும் காசு என்பது எனக்குத் தெரியும். அண்ணன்தான் கேட்டார்: "ஏறி உக்கார்றது யார் வீட்டுப் புள்ளைன்னு பாத்துட்டு சொல்லு தம்பி."

இந்த இடத்தில் வண்டியின் வரலாற்றையும் சொல்லிவிட வேண்டும். 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் ஹோண்டா விற்பனையாளர்களுக்குக் குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்காது. அப்போதும் விற்கிற மாதிரி ஒரு வண்டி கேட்டார்கள். ஒசாமு டகேயுச்சி என்ற பொறியாளர் பலவிதமாகச் செய்து பார்த்து, கடைசியில் மூன்று சக்கர வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். 1970-இல் யுஎஸ்90 என்ற பெயரில் வந்தது. 89 சிசி இன்ஜின், காற்று குறைவாக நிரப்பிய மூன்று குண்டு டயர்கள். அதில் சஸ்பென்ஷனே கிடையாது! டயர்தான் மேடு பள்ளத்தைத் தாங்கியது. சஸ்பென்ஷன் இல்லை என்றால் துருப்பிடிக்க சஸ்பென்ஷன் போல்ட்டும் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் வேகம் கூடியது, சஸ்பென்ஷன் வந்தது. 1982-இல் சுஸுகி நாலு சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. மூன்று சக்கர வண்டிகள் கவிழ்ந்து பலர், குறிப்பாகப் பிள்ளைகள், அடிபட்டும் இறந்தும் போனார்கள். 1988-இல் அமெரிக்க அரசும் கம்பெனிகளும் செய்துகொண்ட உடன்பாட்டில் புது மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை அங்கே நின்றது. வண்டி பத்திரமான நாலு சக்கரத்துக்கு மாறியது. ஆனால் அந்தப் பத்திரம் முழுக்க ஒவ்வொரு கையையும் பிடித்திருக்கும் நாலைந்து போல்ட்டுகளை நம்பித்தான் நிற்கிறது. இன்றும் இது விளையாட்டு வண்டி மாதிரி தெரிகிற, விளையாட்டு இல்லாத வண்டி.

மாமா பையன் கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "அறுத்துருங்க அண்ணே" என்றான்.

அறுத்தோம். ஏ-ஆர்மின் காசு அதிகம், சட்டத்தின் காதுகள் போனால் வண்டியே போச்சு. போல்ட், ஸ்லீவ், புஷ் மூன்றும் விலை குறைவு. ஆக, பலி எது என்பது தெளிவு. டேவியின் துத்தநாகக் கணக்கேதான். புஷ்ஷுக்கும் காதுக்கும் நடுவே ஹாக்ஸா பிளேடு நுழையுமளவு இடுக்கு இருந்தது. பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிக் கையால் பிடித்து, காதில் படாமல், மாறி மாறி இழுத்தோம். நல்ல உறுதியான போல்ட், சீக்கிரம் அறுபடவில்லை. இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு மணி நேரம், ஐந்து பிளேடு. தலை ஒரு பக்கம் விழுந்தது, மறை ஒரு பக்கம் விழுந்தது, ஏ-ஆர்ம் கையோடு வந்தது.

உள்ளே இருந்தது

இரவே லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், பிரஸ்ஸில் வைத்துப் புஷ்ஷையும் ஸ்லீவையும் தள்ளி எடுத்தோம். நான் கெஞ்சிக் கேட்டதால் பட்டறைக்காரர் அந்த ஸ்லீவை நீளவாக்கில் பிளந்து காட்டினார். உள்ளே மூக்குப்பொடி மாதிரி, மூக்குப்பொடி நிறத்திலேயே, இறுகிப்போன துரு. ஆனால் தலைப் பக்கம் ஒரு விரற்கடை அகலத்துக்கு மட்டும் போல்ட் புதுசு மாதிரி வெள்ளையாக மின்னியது. அங்கே பழைய கிரீஸ் கொஞ்சம் ஒட்டியிருந்தது. எப்போதோ யாரோ மாட்டும்போது விரலில் இருந்த கிரீஸ் பட்டிருக்க வேண்டும். அலார்ம் கப்பலின் பழுப்புக் காகிதம் எனக்கு நினைவு வந்தது.

மறுநாள் காலை, பட்டறைக்கு அடுத்த கடையில் அதே அளவு போல்ட் கிடைத்தது. இதுவும் சாதாரண விஷயம் இல்லை. 200 வருஷத்துக்கு முன்னால் ஒரு போல்ட்டுக்கு அதற்கென்றே செய்த நட் மட்டும்தான் சேரும். ஹென்றி மாட்ஸ்லி 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மறை வெட்டும் லேத்தைத் துல்லியமாக்கினார். அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளிலிருந்து திருகுகளைச் சேகரித்து, அளந்து, சராசரி எடுத்து, 1841-இல் எல்லாருக்கும் பொதுவான ஒரு மறை அளவைச் சொன்னார். அதன் கோணம் 55 டிகிரி. 1864-இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி என்றார். இரண்டும் சேராது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் ஒருவர் இயந்திரத்தை இன்னொருவர் பழுது பார்க்க முடியாமல் திண்டாடிய பிறகு, 1948-இல்தான் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே அளவுக்கு ஒப்புக்கொண்டன. நாம் வாங்கும் மெட்ரிக் போல்ட்டின் கோணமும் 60 டிகிரிதான். மாட்டியதைக் கழற்றலாம், கழற்றியதற்குப் பதிலாக வேறொன்றை மாட்டலாம் என்ற வாக்குறுதியை அந்த மனிதர்கள் கொடுத்தார்கள். அந்த வாக்குறுதியைத் துரு முறிக்கிறது. அதைக் காப்பாற்றுவது மாட்டுகிறவர் கையில் இருக்கிறது.

கடைக்காரர் முதலில் ஒரு சாதா போல்ட்டைத்தான் கொடுத்தார். அண்ணன் பழைய தலையில் பொறித்திருந்த 10.9 என்ற எண்ணைக் காட்டி, அதே எண் உள்ளதாகக் கேட்டு வாங்கினார். அந்த எண் போல்ட்டின் வலு. அளவு ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது.

மாட்டும்போது ஸ்லீவின் உட்புறத்தை வேஸ்ட் துணியால் துடைத்து, விரலால் கிரீஸ் தடவினார். போல்ட்டின் உடம்பிலும் தடவினார். மறையில் படாமல் பார்த்துக்கொண்டார். மறையில் கிரீஸ் இருந்தால் அதே முறுக்குக்குப் போல்ட் அதிகமாக இழுபடும். அந்தத் தடவலுக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

வண்டி சனிக்கிழமை மதியம் வெளியே போனது. காலைக் கூட்டம் போய்விட்டது. மாமா பையன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மற்ற மூன்று வண்டிகளிலும் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றிக் கிரீஸ் தடவ ஆள் கேட்டிருக்கிறான். அதில் எத்தனை சுலபமாக வரும், எத்தனை அறுக்க வேண்டியிருக்கும் என்பதை அண்ணன்தான் சொல்ல வேண்டும். இந்த முறை சுத்தியல் என் கையில் இருக்காது என்று சொல்லியிருக்கிறேன்.

அறுத்த போல்ட்டின் நடுத்துண்டு என் மேசையில் இருக்கிறது. துருவும் மின்னலும் ஒரே துண்டில். உங்கள் வீட்டில் சைக்கிளோ, பம்ப் செட்டோ, இரும்புக் கேட்டோ கழற்றி மாட்டுகிற வேலை வந்தால், மாட்டுவதற்கு முன்னால் விரலில் கொஞ்சம் கிரீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து அதைக் கழற்றப்போகிற, உங்களுக்குத் தெரியாத ஒருவருக்கான வேலை அது.

அடுத்த பகுதியில் வேறொரு பொருளோடு வருகிறேன்.